வளைவுக்குள் வராத பதினொரு கற்கள்

நிவேதா எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. கோயம்புத்தூர்ப் பெண், கெட்டிக்காரி. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். போன மாதம் பேசும்போது, "ஆன்ட்டி, பழைய ஃபைல்ல உங்க போட்டோவோட ஒரு நியூஸ்பேப்பர் கட்டிங் இருக்கு. கல்லறையில ஒளிஞ்சிருக்கிற வட்டத்தைக் கண்டுபிடிச்சீங்களாமே! எங்க ஜூனியர்ஸ் மீட்டிங்ல அதைப் பத்திப் பேசறீங்களா?" என்று கேட்டாள்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். முதுகுவலி என்று காரணமும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், இத்தனை வருஷம் கழித்தும் பொய்தானே சொல்கிறோம் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். அந்தக் கட்டிங்கில் இருப்பது பாதிக் கதை. மீதியை நான் ஒரே ஒருவரைத் தவிர யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, என் கணவர் ஜெயக்குமாரிடம்கூட.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாகர்கோவிலில் சிவில் டிப்ளமா. கொஞ்ச காலம் அங்கேயே டிராஃப்ட்ஸ்மேன் வேலை. கல்யாணமாகி அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ வந்தபோது அவருக்கு மருந்துக் கம்பெனியில் வேலை, எனக்கு வீட்டில் வேலை. கிரீன் கார்டு வந்த பிறகு நில அளவை செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். முதலில் கம்ப்யூட்டரில் வரைபடம் மட்டும். பிறகு களத்துக்கும் போக ஆரம்பித்தேன். அங்கேயே இருபத்தாறு வருஷம்.

எங்கள் முதலாளி வால்ட்டர்தான் லைசென்ஸ் பெற்ற சர்வேயர். வெளியே போகும் ஒவ்வொரு வரைபடத்திலும் அவர் முத்திரையும் கையெழுத்தும் இருக்க வேண்டும். உயரமான மனிதர், இடுப்பு வலியால் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். வரைபடத்தை மேஜையில் விரித்து, சிவப்புப் பென்சிலின் மழுங்கிய முனையால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே போவார். சந்தேகம் வந்த இடத்தில் பென்சில் நிற்கும். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அந்த ஒரே கேள்விதான். 'அங்கே இரும்புக் குழாய் பார்த்தேன், அளந்தேன்' என்று சொன்னால் பென்சில் நகரும். 'அப்படித்தான் இருக்கணும்' என்று சொன்னால் பென்சில் அங்கேயே நிற்கும், நாம் மறுபடி களத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை.

நான் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு பழைய சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தை அளந்து வரைபடமாக்கும் வேலை வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். சர்ச் கமிட்டியில் பிரெண்டா என்ற அம்மாள் பொறுப்பு. பழைய பதிவேடுகள் பாதி தீயில் போய்விட்டன. யார் எங்கே இருக்கிறார்கள், எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். சாய்ந்த கற்களை நிமிர்த்தித் தோட்டத்தைச் சீரமைக்கும் திட்டமும் இருந்தது.

களவேலை முழுக்க என்னுடையது. முக்காலியில் அளவைக் கருவி நிற்கும். நான் கண்ணாடி பொருத்திய கம்பை ஒவ்வொரு கல்லின் அடியிலும் நடுவாகப் பிடிப்பேன். கூட வந்தவர் கருவியைப் பார்த்து எண் சொல்வார். நான் ஃபீல்டு புக்கில் கல்லின் எண், பெயர், எந்தக் கல், நிலைமை எல்லாம் எழுதுவேன். பிறகு மெல்லிய இரும்புக் கம்பியைக் கல்லின் ஓரமாக மண்ணில் குத்திப் பார்ப்பேன். கல்லுக்கு அடியில் போட்ட அஸ்திவாரம் இருந்தால் கம்பி டங்கென்று நிற்கும். அப்படியானால் அந்தக் கல் வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், கல் நகர்ந்திருக்கலாம். மேட்டின் மேல் இருந்த பழைய பகுதியில் மட்டும் முந்நூற்றுச் சொச்சம் கற்கள்.

அந்த வாரக் கடைசியில் எல்லாப் புள்ளிகளையும் கம்ப்யூட்டர் திரையில் போட்டுப் பார்த்தேன். கீழே இருந்த புதிய பகுதியில் வரிசைகள் நேர்கோடு. மேட்டின் மேல் மட்டும் வரிசைகள் வளைந்திருந்தன. நேரில் நடந்தபோது கண்ணுக்குத் தெரியாத வளைவு. ஒரு வரிசைக்கு வட்டம் பொருத்திப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த வரிசைக்கும் உட்கார்ந்தது. ஐந்து வரிசை, ஐந்து வட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே மையம். அந்த மையத்தில் கல்லே இல்லை. வெறும் புல்.

மறுநாள் சனிக்கிழமை, வேலை நாள்கூட இல்லை, தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் புல்லின் மேல் நின்றேன். சுற்றிலும் கற்கள் என்னைப் பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் யாரும் கவனிக்காத ஒன்று, நாகர்கோவிலிலிருந்து வந்த எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அதுவரை அலுவலகத்தில் நான் சுத்தமாக வரைகிற ஒரு பெண், அவ்வளவுதான். வீட்டிலும் அந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பேன். ஜெயக்குமார் எட்டிப் பார்த்து, "என்ன எஸ்தரு, செத்தவங்க தலைக்கு மேல கோலம் போடுத?" என்று சிரிப்பார்.

பிரெண்டாவிடம் காட்டினேன். அவர் கமிட்டியிடம் காட்டினார். கமிட்டியில் யாரோ உள்ளூர்ப் பத்திரிகையிடம் சொன்னார்கள். நிவேதா பார்த்த போட்டோ அப்போது எடுத்ததுதான். அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டிரோன் பறக்கவிட்டார்கள். ஒருவர் கற்களை இணைத்து நட்சத்திரம் வரைந்தார், இன்னொருவர் சூரியன் உதிக்கும் திசையைக் குறித்தார். முந்நூறு புள்ளி இருந்தால் யாருக்கு எது வேண்டுமோ அது கிடைக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் அவர்களைப் பார்த்துச் சிரித்த நான், என் வளைவை மட்டும் நிஜம் என்று நம்பினேன். சர்ச் ஹாலில் என்னை அழைத்துப் பேசச் சொன்னார்கள். மையத்தில் ஒரு காலத்தில் சிற்றாலயம் இருந்திருக்கலாம், முன்னோர்கள் அதைச் சுற்றிக் கற்களை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். கைதட்டினார்கள்.

ஒரே ஒரு உறுத்தல்தான் இருந்தது. பதினொரு கற்கள் எந்த வளைவிலும் வரவில்லை. எல்லாம் சின்னக் கற்கள். ஏழு கற்கள் வளைவுக்கு வெளியே ஐந்தடி, ஆறடி தள்ளி, ஒவ்வொன்றும் இரண்டு பெரிய கற்களுக்குப் பின்னால் சொருகினாற்போல் நின்றன; நான்கு, ஒரு மேப்பிள் மரத்தின் பக்கம் விழுந்து கிடந்தன. சிலவற்றில் ஆட்டுக்குட்டி செதுக்கியிருந்தது. பதினொன்றும் குழந்தைகளின் கற்கள். பெயரையும் வயதையும் என் கையாலேயே எழுதியிருந்தேன். ஆனாலும் அவற்றைக் குழந்தைகளாகப் பார்க்கவில்லை. கோட்டை விட்டு விலகிய புள்ளிகளாகத்தான் பார்த்தேன். எப்போதோ யாரோ புல் வெட்ட வசதியாக நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

சீரமைப்புக்கான அறிக்கையில், இந்தப் பதினொரு கற்களும் இடம் பெயர்ந்தவை, இவற்றை வளைவின் மேல் அவற்றுக்குரிய இடத்தில் மறுபடி நிறுத்தலாம் என்று எழுதினேன். பின்னால் காலியாகும் சின்ன இடங்களை, அஸ்திக் கலசம் புதைக்கக் கொடுக்கலாம் என்றும் வரைபடத்தில் குறித்தேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினொன்றில் ஏழு கற்களுக்கு என் ஃபீல்டு புக்கில் நானே எழுதியிருந்தது: 'அடித்தளம் உறுதி.' கம்பி டங்கென்று நின்ற கற்கள். மீதி நான்கு, விழுந்து கிடந்தவை. அவற்றுக்கு அளவுகூட எடுக்கவில்லை. 'மேப்பிள் மரத்தடியில் கிடக்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தேன். விழுந்த கல்தானே என்ற அலட்சியம். அறிக்கை எழுதும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'அடித்தளம் உறுதி' என்ற வரிகளைப் பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன். அறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை. மறதி இல்லை, தெரிந்துதான் விட்டேன்.

வால்ட்டர் அப்போது இடுப்பில் ஆபரேஷன் முடிந்து பாதி நாள்தான் வருவார். படத்தை விரித்தார். பென்சில் வளைவுகளின் மேல் போய், ஏழாம் எண் கல்லில் நின்றது.

"இதை நகர்த்தியிருக்காங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மத்த எல்லாம் வட்டத்துல இருக்கு. இது மட்டும்தான் இல்ல. அடியிலயும் பார்த்தாச்சு" என்றேன்.

அடியில் என்ன பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. பத்து வருஷமாக நான் பார்த்தேன் என்று சொன்னதெல்லாம் பார்த்ததுதான். பென்சில் நகர்ந்தது. முத்திரை விழுந்தது.

கற்களை நகர்த்துவதற்கு முன் சர்ச்சிலிருந்து குடும்பங்களுக்குக் கடிதம் போனது. பெரும்பாலும் பதிலே இல்லை. ஒருவர் மட்டும் நேரில் வந்தார். மிஸஸ் நோவாக். எண்பதை நெருங்கும் வயது, தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஏழாம் எண் கல் அவருடைய முதல் குழந்தை ஆனாவுடையது. மூன்று நாள் இருந்த குழந்தை. பிரெண்டா என்னை வரச் சொல்லியிருந்தார். கல்லின் பக்கத்தில் நின்றோம். கூட அவருடைய மகளும் வந்திருந்தாள்.

"இவ இங்கதான் இருக்கா. இந்தப் பெரிய கல்லோட மூலையிலேர்ந்து மூணு எட்டு வெச்சா இந்த இடம். அன்னைக்கு நான் நின்னேன், எனக்குத் தெரியும்" என்றார்.

நான் படத்தைக் காட்டினேன். வளைவைக் காட்டினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, துக்கத்தில் பார்த்தது மனசில் இடம் மாறிப்போவது சகஜம், உங்கள் தப்பு இல்லை என்று பேசினேன். எங்கள் ஊரில் துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினேன். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள், "அம்மா, இவங்க இன்ஜினியர்மா" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, கல்லை நகர்த்துவதற்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். நான் இன்ஜினியர் இல்லை. அதையும் திருத்தவில்லை.

கற்கள் வளைவின் மேல் ஏறின. வேலைக்கு இடைஞ்சல் என்று மேப்பிள் மரத்தை வெட்டி, வேரையும் அரைத்து, புல் போட்டார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் ஐந்து வளைவுகளும் அப்பழுக்கில்லாமல் தெரிந்தன. அதைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினேன்.

ஆறு வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பிரெண்டா போன் செய்தார். குரல் சரியில்லை. "எஸ்தர், நீ உடனே வரணும். லூயிஸ் தோண்டறதை நிறுத்திட்டான்."

லூயிஸ் குழி தோண்டுகிறவர். ஒரு குடும்பம் அப்பாவின் அஸ்திக் கலசத்தைப் புதைக்க இடம் வாங்கியிருந்தது. நான் காலி என்று குறித்துக் கொடுத்த இடம். நான் போனபோது லூயிஸ் குழிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்றடி ஆழத்தில் ஒரு சின்னப் பெட்டியின் மூலை தெரிந்தது. வெள்ளை நிறம். அதன் மேல் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தியிருந்தார்.

"இங்க ஒண்ணுமில்லன்னு மேப்ல போட்டிருந்துச்சே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பெரிய கல்லின் மூலையிலிருந்து நடந்து பார்த்தேன். மூன்று எட்டு.

அன்று மதியம் கவுன்ட்டி அலுவலகத்தின் நிலப் பதிவறைக்குப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். இருபது நிமிஷத்தில் பழைய படம் கிடைத்தது. மேட்டின் மேல் குதிரை வண்டிகள் வந்து திரும்பிப் போக ஒரு வட்டப்பாதை இருந்திருக்கிறது. அந்தப் பாதையை ஒட்டி வரிசை வரிசையாகக் கல்லறை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிற்றாலயம் இல்லை, ரகசியம் இல்லை. பாதை போய்ப் புல் வந்துவிட்டது, வளைவு மட்டும் மிச்சம். வளைந்த வரிசையில் செவ்வகமான குழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், வெளிப்பக்கம் ஆப்பு வடிவத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சும். பெரியவர்களுக்குப் போதாது. குழந்தைகளுக்குப் போதும். இதைப் புரிந்துகொள்ள வட்டமெல்லாம் பொருத்த வேண்டாம். பிள்ளை பெற்ற யாரும் அந்தப் பதினொரு பெயர்களையும் வரிசையாகப் படித்திருந்தால் யூகித்திருப்பார்கள். நானும் பிள்ளை பெற்றவள்தான்.

வால்ட்டர் என் ஃபீல்டு புக்கைக் கேட்டார். கொடுத்தேன். அரை மணி நேரம் அவர் அறைக் கதவு மூடியிருந்தது. பிறகு வந்து புத்தகத்தை என் மேஜையில் வைத்தார். அந்தப் பக்கத்தில் விரித்தபடியே வைத்தார். 'அடித்தளம் உறுதி' என்று ஏழு முறை, என் கையெழுத்தில். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சாய்ந்து சாய்ந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

சர்ச்சுக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகலை நான்தான் ஃபைலில் வைத்தேன். 'ஆதாரங்களைச் சரிபார்க்காமல் முத்திரையிட்டது என் பிழை' என்று இருந்தது. என் பெயர் எங்குமே இல்லை. அவர் அறைக்குப் போய், நான்தான் மறைத்தேன், அப்படி எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கதவு வரைக்கும் போனேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, அவர் என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாது என்ற பயம். திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வருஷம் அவர் நிறுவனத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். இதை அவர் உயிரோடு இருக்கும்போது எழுதவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

மிஸஸ் நோவாக்கிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் பிரெண்டாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் அப்போது முதியோர் இல்லத்தில் இருந்தார். ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். என் புத்தகத்தில் எழுதியிருந்ததையும், அதை மறைத்ததையும் சொன்னேன். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆறு வருஷமா கல்லுக்கு முன்னாடி பூவை வைப்பேன். அப்புறம் மூணு எட்டு தள்ளிப்போய் நிப்பேன். என் பொண்ணு அதைப் பார்த்துட்டா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மாவுக்குப் புத்தி தடுமாறுதுன்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. என்ன தேதி, யார் பிரசிடென்ட்னு கேட்டாங்க. சரியாத்தான் சொன்னேன். ஆனா அவ உன் படத்தைக் காட்டினா. படத்துல ஒரு இடத்துல இருக்கு, அம்மா இன்னொரு இடத்துல போய் நிக்கிறாங்கன்னு. கார் சாவியை வாங்கிட்டாங்க. அப்புறம் வீட்டை வித்துட்டாங்க."

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நீ கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன்" என்றார். "நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு அன்பாப் பேசினே. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. சில நாள் அங்க நின்னுக்கிட்டு, ஒருவேளை நீ சொன்னதுதான் சரியோன்னு நினைச்சிருக்கேன். என் குழந்தை எங்க இருக்குன்னு எனக்கே சந்தேகம்!"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் எழுந்தபோது, கல்லைத் திரும்ப வைக்கும் நாளில் தன்னைக் கூட்டிப்போக முடியுமா என்று மட்டும் கேட்டார். கூட்டிப்போனேன். லூயிஸ் கல்லை இறக்கி நிறுத்தியதும், அவர் குனிந்து அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மகள் சற்றுத் தள்ளி நின்று அழுதாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏழு கற்களும் என் பழைய அளவுகளின்படி அதே இடத்துக்குத் திரும்பின. மற்ற நான்குதான் மிச்சம். ரேடார் கருவியை வைத்து மண்ணுக்கடியில் தேடினோம். மரத்தின் வேரை அரைத்ததில் அந்தப் பக்கத்து மண்ணெல்லாம் கலங்கிப் போயிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. மரம் எங்கே இருந்தது என்று காட்டக்கூட அடிமரம் இல்லை. அந்த நான்கு குழந்தைகளைத் தேடி வர யாரும் இருக்கவில்லை. கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. கற்களை வேலி ஓரமாகச் சேர்த்து நிறுத்தினோம்.

புதிய வரைபடத்தையும் நான்தான் வரைந்தேன். புதிதாக வந்த சர்வேயர் இளைஞர், நல்ல மாதிரி. அந்த நான்கையும் பார்த்துவிட்டு, "மரத்துப் பக்கம்னு தெரியுமே, எஸ்தர். ஏறத்தாழ இந்த இடம்னு ஒரு புள்ளி வெச்சிடலாமே? பார்க்கிறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

பட்டியலில் நான்கு பெயர்களையும் எழுதினேன். ஒரு குழந்தைக்குப் பெயரே இல்லை, அப்பா பெயர் மட்டும். ஒவ்வொன்றுக்கும் நேராக, அளவு எழுத வேண்டிய கட்டத்தில், 'இடம் தெரியவில்லை' என்று தட்டினேன். முதல் கட்டத்திலிருந்து நகலெடுத்து மற்ற மூன்றிலும் ஒட்டியிருக்கலாம். நான்கு தடவையும் தட்டினேன்.